ஹாலு, ஹண்ணு, ஹோகு

மாடி ரூம் காலியாகிப் பதினோரு நாள் ஆகிறது. கேட்டில் ‘டு லெட்’ அட்டை தொங்குகிறது. என் மகள் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது, கீழே என் செல் நம்பர். வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் தெருவில் இப்போது இன்னும் நான்கு அட்டைகள் தொங்குகின்றன. ஒன்றில் ‘ஒன்லி வெஜ்’. இரண்டில் ‘ஃபேமிலி ஒன்லி’. நான்காவதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர் போனில் முதலில் பெயரைத்தான் கேட்பார். சில பெயர்களைக் கேட்டதும், “அடடா, இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போறார்” என்பார். மூன்று மாதமாக யாரோ அதே அட்வான்ஸைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்த ஆளைத் திட்டி எழுதலாம் என்றுதான் போன வாரம் உட்கார்ந்தேன். அரைப் பக்கம் நன்றாகவே வந்தது. அப்புறம் என் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

1991 டிசம்பர். எனக்குப் பதின்மூன்று வயது. காமாட்சிப்பாளையத்தில் ஒரு வடாரத்தில் குடியிருந்தோம். சென்னையில் ஸ்டோர் என்பார்களே, அதுதான். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் ஓர் அறையும் அடுப்படியுமாக ஏழு குடித்தனம், கடைசியில் பொதுக் குழாய். ஏழில் நான்கு தமிழ்க் குடித்தனம். வீட்டுக்காரரை எல்லோரும் கவுடரு என்போம். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்துப் பழக்கம். நைனாவுக்குப் பின்னி மில்லில் வேலை. தினமும் தமிழ்ப் பேப்பர் வாங்கி சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போவார். அந்த மாதம் மட்டும் கன்னடப் பேப்பரான பிரஜாவாணியை வாங்கி அதற்குள் தமிழ்ப் பேப்பரை மடித்து வைத்தார். ஒரு மாதம் பேப்பர் படிக்காமல் இருந்தால் என்ன என்று அம்மா கேட்டாள். நைனா பதில் சொல்லவில்லை. அவருக்கு அது சோறு மாதிரி.

காவிரி நடுவர் மன்றம் ஜூன் 25ஆம் தேதியே இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்குப் போய்ச் சேர வேண்டும். கர்நாடக அரசு அதை எதிர்த்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது, உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, டிசம்பர் 11ஆம் தேதி உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானது. டி.எம்.சி. என்றால் என்னவென்று எங்கள் நடையில் யாருக்கும் தெரியாது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். அதற்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று பார்க்காமல் எல்லோரும் எல்லோரோடும் சண்டை போடுவோம். எந்த ஆற்றுத் தண்ணீர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

12ஆம் தேதி மதியத்திலிருந்தே செய்தி வரத் தொடங்கியது. வண்டியை நிறுத்துகிறார்களாம். தமிழ்ப் பெயர்ப் பலகைகளை உடைக்கிறார்களாம். ஆளை நிறுத்திக் கன்னடத்தில் பேசச் சொல்கிறார்களாம். இந்தக் கடைசிச் செய்திதான் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் நைனாவுக்கு ‘ஹ’ வராது.

கன்னடம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தமிழில் ‘ப’வில் தொடங்கும் பல சொற்கள் அங்கே ‘ஹ’ ஆகிவிடும். பால் ஹாலு. பல் ஹல்லு. பழம் ஹண்ணு. பூ ஹூவு. பத்து ஹத்து. போ என்பது ஹோகு. பழைய கன்னடத்தில் அவர்களும் ‘ப’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். நைனா இருபது வருடம் பெங்களூரில் இருந்தும் ஆலு, அண்ணு, ஓகு என்றுதான் சொல்வார். மில்லில் அதற்காக அவரைக் கிண்டல் செய்வார்களாம். நைனாவும் சேர்ந்து சிரிப்பாராம்.

அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, சிம்னியைச் சின்னதாக வைத்து, அம்மா நைனாவுக்கு ‘ஹ’ சொல்லிக் கொடுத்தாள். குழாயடியில் கற்ற கன்னடம் அவளுடையது, அதில் ஒரு குறையும் இருக்காது. “வயித்துலருந்து காத்த வுடுய்யா. ஹா... லு.” நைனா காற்றை விடுவார். “ஆ... லு.” நானும் தங்கையும் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நைனாவுக்கும் சிரிப்பு வந்தது. ஹண்ணு. அண்ணு. ஹோகு. ஓகு. ஒரு தடவை சரியாக வந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை, திரும்பச் சொன்னார், போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் எதிர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் முதல் கல் விழுந்தது.

அப்புறம் நடந்ததை அதிகம் நீட்டப் போவதில்லை. தெருவில் இருபது முப்பது பேர் இருந்திருப்பார்கள். கவுடரு டார்ச் லைட்டோடு கேட்டில் போய் நின்றார். “இல்லி தமிளரு யாரூ இல்லா. ஹோகி, ஹோகி” என்றார். இங்கே தமிழர் யாரும் இல்லை, போங்கள். நாங்கள் நான்கு குடும்பமும் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இல்லாமல் இருந்தோம். அவர்கள் போய்விட்டார்கள். அவர் சொன்ன ஹோகியில் ‘ஹ’ அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அந்தக் கலவரத்தில் அரசுக் கணக்கில் 18 பேர் செத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஓசூருக்கும் தருமபுரிக்கும் சேலத்துக்கும் மூட்டை கட்டினார்கள். நாங்கள் போகவில்லை, போக இடம் இல்லை. பொங்கல் முடிந்த வாரம் கவுடரு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மனே காலி மாடி என்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். “உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். ஸ்ரீராம்புரம் போனால் உங்கள் ஜனம் இருப்பார்கள், பயம் இருக்காது. நாளைக்கு மறுபடியும் வந்தால் நான் எத்தனை தடவை பொய் சொல்ல முடியும்?” அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் காப்பாற்றிய மனிதரும் எங்களை வெளியே அனுப்பிய மனிதரும் ஒரே ஆள். அவரைப் பற்றி என்ன நினைப்பதென்று நைனா சாகும்வரை முடிவு செய்யவில்லை. சில நாள் “மகராசன்” என்பார். சில நாள் பேச்சை மாற்றிவிடுவார்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை அந்த வருடம் வைத்ததுதான். திறக்க முடியாமல் சாக்குப் போட்டு மூடியபடியே பதினெட்டு வருடம் நின்றது. கல்லூரிக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். 2009 ஆகஸ்டில் கருணாநிதி வந்து திறந்துவைத்தார், எடியூரப்பா முதல்வர். அதே வாரம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தார்கள். சாக்கை எடுத்த பிறகு வள்ளுவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. மூட்டையாக நின்றபோது தினமும் பார்த்தேன்.

‘ஹ’ விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. பெரியவனான பிறகு இதுபோன்ற கதைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. இலங்கைக் கலவரங்களில் ஆளை நிறுத்தி ‘வாளி’க்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்வார்கள், அதன் முதல் எழுத்து தமிழ் வாயில் சரியாக வராது. 1937ல் டொமினிக்கன் குடியரசில் ஹெய்ட்டிக்காரர்களைப் பிரித்தெடுக்க ‘பெரெஹில்’ என்கிற கீரையின் பெயரைச் சொல்லச் சொன்னதாகச் சொல்வார்கள். வாளி, கீரை, பால். எல்லாம் அடுக்களைச் சாமான்கள். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொங்கும். தூரத்து அநியாயத்துக்குக் கோபப்படுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

அந்தக் கோபத்தோடுதான் 2012க்கு வந்தேன்.

அதற்குள் நைனா போய்விட்டார். அவருடைய பி.எஃப். பணம், என் வங்கிக் கடன், அம்மாவின் நகை எல்லாம் சேர்ந்து லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன வீடு ஆகியிருந்தது. மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை. அசாமிலிருந்து வந்த இரண்டு பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஒருவன் செக்யூரிட்டி, இன்னொருவன் ஓட்டலில் நூடுல்ஸ் போடுகிறவன். வாடகை 3,500, அட்வான்ஸ் 30,000. அம்மாவுக்கு அவர்கள் சமைக்கும் மீன் வாடை பிடிக்காது. மாடிப்படியில் நின்று மூக்கைப் பொத்துவாள். நாங்கள் நெத்திலிக் கருவாடு வறுத்தால் வடாரமே கதவைச் சாத்தும் என்பது அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. “சப்ப மூக்குப் பசங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது, எவன் வாடகை கொடுத்தான்னே தெரியல” என்பாள். நான் சிரிப்பேன். கண்டித்ததில்லை.

அந்த ஜூன் மாதம் பர்மாவின் ரக்கைன் பகுதியில் கலவரம், ரொஹிங்கியா முஸ்லிம்களின் ஊர்கள் எரிந்தன. ஜூலை 20க்கு மேல் அசாமில் கொக்ராஜர் பக்கம் போடோக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம், நான்கு லட்சம் பேர் முகாம்களுக்குப் போனார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஃபேஸ்புக்கில் ஒரு படம் எனக்கு வந்தது. காவி கலந்த சிவப்பு அங்கி போட்ட புத்த பிக்குகள், அவர்கள் காலடியில் வரிசை வரிசையாகப் பிணங்கள். பர்மாவில் முஸ்லிம்களைக் கொன்றுவிட்டு நிற்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ‘உலகம் ஏன் மௌனமாக இருக்கிறது’ என்று ஒரு வரி சேர்த்துப் பகிர்ந்தேன். நாற்பது பேர் லைக் போட்டார்கள். சிலர் மேலே பகிர்ந்தார்கள். அன்று இரவு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கினேன்.

அந்தப் படம் பர்மாவே இல்லை. 2010 ஏப்ரலில் சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் யூஷூ என்ற திபெத்தியர் ஊரில் பூகம்பம் வந்து 2,600 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து உடல்களை எடுத்துத் தகனம் செய்ய நின்ற திபெத்தியத் துறவிகள் அவர்கள். செத்தவர்களுக்குக் கடைசிக் காரியம் செய்தவர்களை நான் கொலைகாரர்கள் ஆக்கியிருந்தேன். பர்மாவில் நடந்த கொடுமை நிஜம். அதற்குச் சாட்சியாக நான் காட்டிய படம் பொய். இது தெரிய எனக்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் பெங்களூரில் வேறொன்று நடந்துவிட்டது.

பர்மாவுக்கும் அசாமுக்கும் பழி வாங்கப் போகிறார்கள், ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்கு முகம் உள்ளவர்களைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். கிளம்பியது. கூடவே இந்த மாதிரிப் படங்கள். ஆகஸ்ட் 14 மைசூரில் ஒரு திபெத்திய மாணவரைக் கத்தியால் குத்தினார்கள், வதந்திக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் சுதந்திர தினம். சிட்டி ஸ்டேஷனில் அன்று ஒரே நாளில் கவுகாத்திக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட டிக்கெட் விற்றது. சிறப்பு ரயில்கள் விட்டார்கள். முதல்வர் ஷெட்டரும் உள்துறையைப் பார்த்த ஆர். அசோகாவும் போகாதீர்கள், பாதுகாப்புத் தருகிறோம் என்றார்கள். யாரும் நிற்கவில்லை. இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் நகரத்தை விட்டுப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின. 17ஆம் தேதி மத்திய அரசு, ஒரு நாளைக்கு ஐந்து எஸ்.எம்.எஸ்.ஸுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று பதினைந்து நாள் கட்டுப்பாடு போட்டது.

என் ஒரு பகிர்வால் இதெல்லாம் நடந்தது என்று சொன்னால் அது என்னை நானே பெரிதாக்கிக்கொள்வது. ஊர் கூடி இழுத்த தேர் அது. ஆனால் வடத்தில் என் கையும் இருந்தது.

15ஆம் தேதி மதியம் அந்தப் பையன்கள் கீழே வந்தார்கள். போகவா இருக்கவா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. என்னைக் கேட்கத்தான் வந்தார்கள். “அண்ணா, இங்கே இருந்தால் ஒன்றும் ஆகாதா?” என்று ஓட்டல் பையன் இந்தியில் கேட்டான். நான் அவனுக்குச் சொன்ன பதிலை இன்றுவரை வரி பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கொஞ்ச நாள் ஊருக்குப் போய் உங்க ஜனத்தோட இருங்க. நாளைக்கு யாராவது வந்தா நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?”

சொல்லும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நிஜமாகவே அவர்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன். அதோடு நிறுத்தவில்லை. அவர்கள் திரும்பி வர நாளாகுமோ என்னவோ என்று கணக்கை முடித்துக் கொடுத்தேன். நடு மாதம் என்றாலும் அந்த மாத வாடகையைக் கழித்தேன். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது பெங்களூர் வழக்கம். அதையும் பிடித்தேன். உயிர் பயத்தில் ஓடுகிறவனிடம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் காசு வாங்கினேன். மிச்சம் 23,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, பெரிய மனது பண்ணி ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலுமாக ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டேன். பிளாட்பாரத்தில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு அமைதி. அழுகைகூட இல்லை. இரண்டு நாளுக்கு மேல் ஆகும் பயணத்துக்கு ஆளுக்கொரு பிரெட் பாக்கெட் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல் சொன்னாள்: “கவுடரும் இதாண்டா சொன்னாரு.” ஒரு புடைப்பு. “அவுரு பணத்த புடிக்கல.”

மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தியவள் அவள். அந்தப் பையன்கள் முகத்தை மாற்றி மாற்றிக் குழம்பியவள் அவள். எனக்கு அவளைவிடப் படிப்பு அதிகம், வாளிக்குச் சிங்களத்தில் என்ன சொல்வார்கள் என்பதுவரை தெரியும். அன்று அந்த வீட்டில் நடந்தது என்ன என்று கண்டுபிடித்தது அவள்தான்.

அக்டோபரில் ஓட்டல் பையன் போன் செய்தான். பெங்களூருக்குத் திரும்பிவிட்டானாம், ரூம் இருக்கிறதா என்றான். திருப்பத்தூர்க் குடும்பம் ஒன்று வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. “முன்னமே சொல்லியிருந்தா வெச்சிருப்பேனே” என்றேன். முன்னமே எப்படிச் சொல்வான்?

திபெத்தியப் படத்தை நீக்கினேன். திருத்தம் ஒன்று எழுதிப் போட்டேன், அதற்கு மூன்று லைக். அதன்பிறகு இன்றுவரை உலகச் செய்தி எதையும் நான் பகிர்வதில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சம் ரொஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடியபோதும் பகிரவில்லை. அங்கே வெறுப்பு பரவியதில் ஃபேஸ்புக்குக்குப் பெரிய பங்கு இருந்ததாக ஐ.நா. விசாரணைக் குழு மறு வருடம் சொன்னபோது அந்தச் செய்தியைக்கூட நான் மட்டும் படித்துவிட்டு வைத்துவிட்டேன். என் நண்பர் ஒருவர் இதைப் பொறுப்பு என்கிறார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சோம்பலுக்கும் பயத்துக்கும் நல்ல பெயர் வைத்துக்கொள்வது மத்திய வர்க்கத்துக்குப் புதிதா என்ன.

2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரி. ஒரு தமிழ்நாட்டுப் பேருந்து நிறுவனத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட பஸ்களை ஒரே இடத்தில் எரித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி நம்பர் கே.ஏ., என் மகளுக்கு ‘ஹ’ பிரமாதமாக வரும்.

கதை இப்போது காலியான ரூமுக்கு வருகிறது. ஷீட்டை எடுத்துவிட்டு தளம் போட்டு, 2019ல் மணிப்பூர்ப் பெண் ஒருத்தி குடிவந்தாள். நர்ஸ். புரோக்கர் அழைத்து வந்தபோது நான் மூன்று கேள்வி கேட்டேன். நான்வெஜ் அதிகம் சமைப்பீர்களா, யாராவது வந்து தங்குவார்களா, நைட் டியூட்டி முடிந்து எத்தனை மணிக்கு வருவீர்கள். அவள் மூன்றுக்கும் பதில் சொன்னாள். பலமுறை சொல்லிப் பழகிய பதில் என்று குரலிலேயே தெரிந்தது.

2020 மார்ச்சில், ஊரடங்குக்கு முந்தைய வாரம், தெருமுனையில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் அவளைப் பார்த்து “கொரோனா, கொரோனா” என்று கத்தினார்கள். அதே மாதம் மைசூரில் நாகாலாந்து மாணவர் இரண்டு பேரைக் கடைக்குள் விடாமல் நிறுத்திய வீடியோ வந்தது. அந்த வீடியோவைப் பார்த்து உச்சுக் கொட்டிய அன்று சாயங்காலமே மாடிப்படியில் அவள் எதிரே வந்தாள். நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். எல்லோரும் எல்லோரையும் கண்டு ஒதுங்கிய காலம் அது, சரி. ஆனால் அதற்குச் சற்று முன்னால் பால்காரருக்கு நான் ஒதுங்கவில்லை.

அவள் அதைக் கவனித்தாளா தெரியாது. மறுநாள் காலை பால் பாக்கெட்டை எடுக்கக் கீழே வந்தவள் அம்மாவிடம், “ஆன்ட்டி, ஹாலு பந்திதியா?” என்று கேட்டாள். பால் வந்ததா என்று. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட கன்னடம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நைனாவுக்கு வராத எழுத்து அந்த வாயில் பூப்போல வந்தது.

2023 மே 3ஆம் தேதி மணிப்பூர் பற்றிக்கொண்டது. மெய்தெய்களுக்கும் குக்கிகளுக்கும். அரசுக் கணக்கிலேயே 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அறுபதாயிரம் பேர் வீடு இழந்தார்கள். இணையத்தை மாதக்கணக்கில் முடக்கி வைத்தார்கள். மாடிப் பெண் எந்தப் பக்கம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் சிலர் உடனே யார் முதலில் தொடங்கியது என்று கேட்பீர்கள். அவள் வேலை செய்த வார்டில் இரண்டு பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். ஒரே அறையில் உடை மாற்றி, ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள், அந்த வாரத்திலிருந்து பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்களாம். டியூட்டி மாற்றும்போது நோயாளி பற்றிய விவரத்தை மட்டும் சொல்வார்களாம். எத்தனை டோஸ், எத்தனை மணிக்கு.

நான்கு நாள் அவள் மாடியிலிருந்து இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மா ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு, மூட்டு வலியோடு படியேறினாள். நானும் பின்னால் போனேன். ஊரில் தன் வீட்டாரிடமிருந்து மூன்று நாளாகத் தகவல் இல்லை என்றாள். எந்த ஊர் என்று அம்மா கேட்டாள். நான்கு வருடமாக எங்கள் தலைக்கு மேல் குடியிருக்கும் பெண்ணிடம் முதல் தடவையாக.

“மோரே” என்றாள். பர்மா எல்லையில், இம்பாலிலிருந்து நூற்றுப் பத்து கிலோமீட்டர். அப்புறம் சொன்னாள்: “ஆன்ட்டி, எங்க ஊர்ல உங்க ஜனம் இருக்காங்க.”

அவள் சொன்ன பிறகுதான் தேடிப் படித்தேன். 1962ல் நே வின் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். அதில் தமிழர்கள் நிறையப் பேர். கப்பலில் சென்னைக்கு வந்து, இங்கே ஒட்ட முடியாமல், பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று தரை வழியாகப் போனவர்களில் சிலர் எல்லையில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் விடவில்லை. இந்தப் பக்கம் திரும்ப மனமில்லை. நின்ற இடத்திலேயே ஊர் கட்டிக்கொண்டார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். ஒரு காலத்தில் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் இருந்ததாகச் சொல்கிறார்கள், இப்போது மூவாயிரம் சொச்சம். 2023 மே மாதம் மோரேயில் எரிந்த வீடுகளில் தமிழர் வீடுகளும் உண்டு. யாருடைய சண்டையிலும் அவர்கள் இல்லை. தீ அதைக் கேட்டா எரியும்.

சின்ன வயதில் மார்க்கெட்டில் தமிழ் அக்கா ஒருத்தியிடம் இட்லி வாங்கித் தின்றதாக அவள் சொன்னாள். “அக்கா, ரெண்டு இட்லி” என்று தமிழில் சொல்லிக் காட்டினாள். தீமிதித் திருவிழாவுக்கு ஊரே போகுமாம். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். இதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன். கொஞ்சம் குற்றம் சாட்டுகிற தொனியில்கூடக் கேட்டிருப்பேன்.

“நீங்க மூணு கேள்விதானே கேட்டீங்க அங்கிள்” என்றாள். கோபம் இல்லாமல் சொன்னாள்.

ஆறாம் நாள் அவள் அண்ணனின் போன் வந்தது. உயிரோடு இருந்தார்கள், முகாமில். வீடு இல்லை. ஜூலை 19ஆம் தேதி, மணிப்பூரில் இரண்டு பெண்களை ஆடையில்லாமல் நடத்திக் கூட்டிப்போன அந்த வீடியோ வெளிவந்து நாடே கொந்தளித்தபோது எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். நான் திறக்கவில்லை. மாடியில் விளக்கு இரவு முழுக்க எரிந்துகொண்டிருந்தது.

போன மாதம் அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பெயின்ட் பணம் பிடிக்கவில்லை. இதை எழுதும்போதே, சொல்லிக் காட்டுகிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். போகும்போது அம்மாவுக்கு ஒரு சால்வையும் கண்ணாடிப் பாட்டிலில் புளிக்கவைத்த மீனும் கொடுத்துவிட்டுப் போனாள். பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அம்மா அதை இன்னும் திறக்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம், “வாடை வருதுடா” என்கிறாள். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் புரோக்கர் போன் செய்தார். கன்னடத்தில்தான் பேசுவார்.

“சார், ரூமுக்கு ரெண்டு பையன்கள். நார்த் ஈஸ்ட். ஆகுத்தா சார்?”

ஆகும் என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. நடுவில் ஒரு மூச்சு அளவு நேரம் போனது. அதற்குள் என் தலைக்குள் மீன் வாடை, பையன்கள் என்றால் சத்தம், அம்மாவின் வயது, எதிர்வீட்டுக்காரர் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின.

புரோக்கர் பழுத்த ஆள். “பரவால்ல சார், யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

நான்தான் திரும்ப அழைத்தேன். வேறு லைனில் இருந்தார்.